மறுக்கும்போது கூட்டுக் குடும்பம், கொடுக்கும்போது தனிக்குடும்பம்

பெற்றோரைக் கைவிடும் பிள்ளையைக் கேள்வி கேட்க நம்மிடம் சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவச் சிகிச்சையும் பராமரிப்பில் அடங்கும் என்று அதன் வரையறையே சொல்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி பிள்ளைக்கு உத்தரவிட முடியும். பிள்ளை இல்லாத முதியவரின் சொத்து யாருக்கு வந்து சேருமோ, அந்த உறவினருக்கும் இந்தக் கடமை உண்டு. சரியான சட்டம்தான். ஆனால் எந்த உத்தரவும் இல்லாமலே இந்தக் கடமையைச் செய்துவருகிறவரை இதே அரசு தன் மற்ற அலுவலகங்களில் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. சலுகையை மறுக்க வேண்டிய இடத்தில் தாயும் மகனும் ஒரே குடும்பம். கொடுக்க வேண்டிய இடத்தில் தாய் வேறு, மகன் வேறு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் இந்தத் திட்டம் ஏழைகளுக்குப் பெரிய துணை, அதில் சந்தேகமில்லை. இதில் சேருவதற்கான ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் 10,000 ரூபாய். இது குடும்ப வருமானம். குடும்பம் எது என்பதை ரேஷன் கார்டு சொல்லும். கணவனை இழந்த ஒரு தாய் தனி கார்டில் இருந்தால் அவருக்குக் காப்பீடு கிடைக்கும். அவரே மகனின் கார்டில் இருந்து, மகன் ஒரு சின்னக் கடையில் மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கினால், வருமானம் 1,44,000 ஆகிவிடும். தாய்க்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. தாயைத் தன்னோடு வைத்துச் சோறு போடுகிற மகன் தாயின் காப்பீட்டை இழக்கிறான். தனியே விட்டுவிட்ட மகனின் தாய்க்கு அது கிடைக்கிறது. இதனால்தான் கல்யாணமானதும் ‘கார்டைப் பிரித்துவிடுங்கள்’ என்பது ஊர் முழுக்கச் சொல்லப்படும் யோசனையாக இருக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இரண்டு கார்டுகள் இருப்பதற்கு மக்களின் தந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை என்ற விதியை எழுதியது அரசு.

இதே மாநில அரசு தன் ஊழியர்களுக்கு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தலைகீழான காட்சி. அங்கே கணவன் அல்லது மனைவி உண்டு, வரம்புக்கு உட்பட்டுப் பிள்ளைகள் உண்டு. பெற்றோரும் உண்டு, ஆனால் ஊழியருக்குத் திருமணம் ஆகும்வரை மட்டும். தாலி கட்டிய நாளோடு ஊழியரின் தாய் தந்தை திட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். திருமணத்தால் பெற்றோரின் செலவை வேறு யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்கு அப்போதுதான் அறுபதை ஒட்டி வயதாகியிருக்கும், நோய்களும் தொடங்கியிருக்கும். மத்திய அரசு ஊழியர்களின் சுகாதாரத் திட்டத்தில் இப்படியில்லை. பெற்றோரின் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருந்தால், ஊழியர் மணமானவரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பெண் ஊழியர் தன் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ தேர்ந்தெடுக்கலாம். ஊழியரைச் சார்ந்து வாழும் கைம்பெண்ணான சகோதரிக்குக்கூட இடமுண்டு. ஈ.எஸ்.ஐ.யிலும் வருமான வரம்புக்கு உட்பட்ட பெற்றோருக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் தொழிலாளியின் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அவரோடு சேர்த்துத் தாயும் வெளியே. ஒரே தாய், ஒரே மகன். மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதைப் பொறுத்துத் தாய் குடும்பத்தினராகவோ வெளியாராகவோ ஆகிறார்.

வருமான வரித் துறையின் கணக்கு வேறு. பழைய வரி முறையின் 80டி பிரிவின்படி, மூத்த குடிமக்களான பெற்றோருக்காகக் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். காப்பீடு இல்லாத முதியவர் என்றால் மருத்துவச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம். பெற்றோர் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இந்தப் பிரிவு கேட்பதில்லை. ஓய்வூதியம் வாங்கும் வசதியான தந்தைக்கும் பொருந்தும். ஆனால் மாமியாருக்குக் கட்டினால் கிடையாது. அண்ணன் வீட்டில் இருக்கும் கணவனை இழந்த தங்கைக்குக் கட்டினால் கிடையாது. வளர்த்த பெரியம்மாவுக்கும் கிடையாது; அவர் சொத்து நாளை அந்தப் பிள்ளைக்குத்தான் வரும் என்றால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரைப் பராமரிக்கும் கடமை மட்டும் உண்டு. இந்தக் குறைபாடுள்ள சலுகையும் புதிய வரி முறையில் இல்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து, வேறு எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்குப் புதிய முறையே பொருந்துகிறது. மாற்றுத்திறனாளியான சார்ந்திருப்போருக்கும், புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கும் இருந்த கழிவுகளும் அங்கே போய்விட்டன.

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டை முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனமில்லை. கோடிக்கணக்கானோர் காப்பீடே இல்லாமல் வாழும் நாடு அது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களின் விதி நம்முடையதைவிட நேர்மையானது. ஒருவர் தன் தாயின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் ஏற்று, தாயின் வரிக்குரிய வருமானம் ஒரு வரம்புக்குள் (2025-ல் 5,200 டாலர்) இருந்தால், அவரைத் தன்னைச் சார்ந்தவராக வரிப் படிவத்தில் காட்டலாம். பெற்றோர் என்றால் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வரியில் கிடைக்கும் தள்ளுபடி 500 டாலர்தான். பெரிய பயன் காப்பீட்டில் இருக்கிறது. பணியிடத்தில் காப்பீடு இல்லாதவருக்கு அரசு தரும் பிரீமிய மானியம், வரிப் படிவத்தில் உள்ள குடும்பத்தின் தலைகளை எண்ணித்தான் முடிவாகிறது. கோவிட் காலத்தில் வந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு காலாவதியானதால், 2026-க்கான காப்பீட்டில் தனி ஆள் சுமார் 62,600 டாலர் வருமானத்துக்கு மேல் மானியம் பெற முடியாது. தாயையும் சேர்த்து இருவர் என்றால் அந்த வரம்பு 84,600 டாலர். 70,000 டாலர் சம்பாதிக்கும் மகன், தாயைத் தாங்குகிறான் என்ற ஒரே காரணத்தால் மானியத்துக்குத் தகுதி பெறுகிறான். மகன் இப்படிக் காட்டுவதால், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு ஏழைத் தாய்க்கு உள்ள தகுதி பொதுவாகப் பறிபோவதில்லை. அது பெரும்பாலும் தாயின் சொந்த வருமானத்தை வைத்தே பார்க்கப்படுகிறது. ஒரு முறை சொன்ன உண்மை வரியிலும் செல்லுபடியாகிறது, காப்பீட்டிலும் செல்லுபடியாகிறது, சொன்னவரையும் தண்டிப்பதில்லை. (அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் மதுரையில் இருக்கும் அம்மாவை இப்படிக் காட்ட முடியாது. எவ்வளவு பணம் அனுப்பினாலும், சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும்.)

புதிய வரி முறையின் தத்துவமே கழிவுகள் இல்லாத எளிமைதானே, அதில் பெற்றோருக்கு மட்டும் எப்படி இடம் கேட்பது என்று சொல்லலாம். அந்த எளிமை முழுமையானதல்ல. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு அங்கே இருக்கிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் செலுத்தும் பங்குக்கும் கழிவு இருக்கிறது. ஒருவர் தன் முதுமைக்குச் சேர்ப்பதை மதிக்கும் முறை, ஏற்கெனவே முதுமையில் இருப்பவருக்காக அவர் இன்று செலவிடுவதை மதிக்காமல் போனதற்கு எளிமை காரணமாக இருக்க முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வரிக்கழிவு வசதியானவர்களுக்கே உதவும் என்பது அது. உண்மைதான். பழைய முறையில் அதே 50,000 ரூபாயைச் செலவிட்ட 30 சதவீத அடுக்குக்காரருக்கு, செஸ்ஸையும் சேர்த்து, மிச்சம் 15,600 ரூபாய். 20 சதவீதக்காரருக்கு 10,400. 5 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கு ஒன்றுமே இல்லை. புதிய முறையிலோ 12 லட்சம் வரை வரியே இல்லை என்பதால், கழிவைத் திரும்பக் கொண்டுவந்தால் அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். எனவே பழைய கழிவை அப்படியே மீட்டுத் தாருங்கள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரி கட்டும் எல்லோருக்கும் ஒரே தொகையாக, கட்ட வேண்டிய வரியிலிருந்து நேரடியாகத் தள்ளுபடி செய்வது நியாயம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பெரும்பான்மையினருக்கு வரிச் சலுகை எந்த வடிவத்தில் வந்தாலும் பயனில்லை. அவர்களுக்குத் தேவை, காப்பீட்டுத் திட்டங்கள் அவர்களின் பெற்றோரை ஒழுங்காகக் கணக்கில் எடுப்பது. விவாதத்தின் மையம் அங்கேதான் இருக்க வேண்டும். நம் பட்ஜெட் கால அலசல்கள் 80டி-யோடு நின்றுவிடுகின்றன.

எழுபது வயது கடந்த அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் காப்பீடு 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டதே என்றும் கேட்பார்கள். நல்ல திட்டம், வருமான வரம்பு இல்லாததே அதன் சிறப்பு. ஆனால் அறுபதிலிருந்து எழுபதுக்குள் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தனியார் காப்பீட்டுக்கு 65 வயது உச்சவரம்பு 2024-ல் நீங்கியது உண்மை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதும் உண்மை; சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கும் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு அது நீண்ட காலம். பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு நீங்கியது. பல நிறுவனங்கள் ஊழியர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பெற்றோருக்கு எடுத்துத் தருவது குழுக் காப்பீடு. அதற்கு அந்த விலக்கு பொருந்தவில்லை. அரசுக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மாதாமாதம் போகும் பணம் பிள்ளையின் சட்டைப்பையிலிருந்துதான் வருகிறது.

பொய்க் கணக்கு காட்டமாட்டார்களா? காட்டுவார்கள், இன்றும் கார்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொய்யைக் குறைக்கும் வழி, உண்மைக்கு இருக்கும் தண்டனையை நீக்குவது. ஆதாரோடு இணைக்கப்பட்ட குடும்ப அட்டைத் தரவு கையில் இருக்கிறது. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் 80டி கழிவு கிடையாது என்பதால் அந்தப் பணப் பாதையும் பதிவாகிறது. ஒரு முதியவரை ஒருவர் மட்டுமே தன்னைச் சார்ந்தவராகக் காட்ட முடியும் என்று விதித்தால், அண்ணனும் தம்பியும் ஒரே தாயை இருமுறை காட்டுவது முதல் ஆண்டிலேயே பிடிபடும். யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்ற பதிவு வரி அலுவலகம், ஈ.எஸ்.ஐ., மாநிலக் காப்பீடு மூன்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். உறவுப் பட்டியலில் கைம்பெண் சகோதரியும் மாமியாரும் வளர்த்தவர்களும் வர வேண்டும். யார் செலவைத் தாங்குகிறார் என்பதே அளவுகோலாக வேண்டும்.

மத்திய அரசு இதையெல்லாம் செய்ய ஆண்டுகள் ஆகலாம். சென்னையிலிருந்தே செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், பிள்ளையோடு வாழும் அறுபது கடந்த பெற்றோரின் தகுதியை அவர்களின் சொந்த வருமானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். அரசு ஊழியர் காப்பீட்டில், கூடுதல் சந்தா வாங்கிக்கொண்டாவது, பெற்றோருக்கு இருக்கும் ‘திருமணம் ஆகும்வரை’ என்ற நிபந்தனையை எடுத்துவிடலாம். அதற்குத் தேவை இரண்டு அரசாணைகள். சுகாதாரத் துறையும் நிதித் துறையும் அவற்றை வெளியிட வேண்டும்.