தடை தூரத்தில் இல்லை

வானத்திலுள்ள ஒரு பொருளைப் பற்றி நாம் ஏன் அறிய முடியவில்லை என்று கேட்டால், "அது வெகு தூரத்தில் இருக்கிறது" என்றுதான் நம்மில் பலர் பதில் சொல்வோம். விஞ்ஞானம் தரும் பதில் சற்று வேறானது. பல வேளைகளில் தடையாக நிற்பது தூரமன்று. நம் தலைக்கு மேலேயே தொங்கும் ஒரு திரைதான். விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளியில் மூலக்கூறுகளைத் தேடிய வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது. வானியல் கற்போருக்கு மட்டுமல்ல, மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று தயங்கி நிற்கும் மாணவியருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு என்பது என் கருத்து.

1835-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தத்துவ ஞானி ஒகுஸ்த் கோம்த், விண்மீன்கள் எப்பொருள்களால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று எழுதினார். அங்கே சென்று ஒரு பிடி அள்ளி வர முடியாதல்லவா? ஆனால் அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1859-இல், கிர்க்காஃப், புன்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் ஒளியைப் பிரித்துப் பார்த்தே பொருளை அறியும் வழியைக் கண்டனர். ஒவ்வொரு தனிமமும் தன் நிறமாலையில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது. அவ்வழியில் விண்மீன்களை வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் சேசு சபைக் குருவான தந்தை ஆஞ்செலோ செக்கி. ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேலே அமைந்த வானாய்வுக் கூடத்திலிருந்து அவர் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்தார். விஞ்ஞானம் வளர்ந்தால் விசுவாசம் தேயும் என்று அஞ்சுவோர் இந்தக் குருவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளி வெறுமையானதன்று. வாயுவும் தூசும் கலந்த மேகங்கள் அங்கே பரந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகக் குளிர்ந்தவை பூஜ்யத்திற்குக் கீழே 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அவை கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தருவதில்லை. பின்னாலிருக்கும் விண்மீன்களையும் மறைத்துவிடும். ஆயினும் அங்குள்ள மூலக்கூறுகள் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அவை நினைத்த வேகத்தில் சுழல முடியாது. படிக்கட்டின் படிகளைப் போல, குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே சுழலும். ஒரு படி இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீளமுள்ள கதிர் ஒன்றை வெளியிடும். எடை குறைந்த பல மூலக்கூறுகளுக்கு அக்கதிர், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அலைநீளமுள்ள தொலை அகச்சிவப்புப் பகுதியில் அமைகிறது. ஒருவர் கைரேகை மற்றவருக்கு இராதது போல, ஒரு மூலக்கூறின் கோட்டு வரிசை வேறொன்றுக்கு இராது.

இனித்தான் வியப்பு. ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளைக் கடந்து வந்த அந்தக் கதிர், பயணத்தின் கடைசிச் சில கிலோமீட்டரில் நம் காற்றிலுள்ள நீராவியால் விழுங்கப்படுகிறது! அத்தனை தூரம் அதைத் தடுக்கவில்லை. நம் வீட்டு வாசலில்தான் அது தடுக்கப்படுகிறது.

ஹீலியம் ஹைட்ரைடு அயனியின் கதையைப் பாருங்கள். பேரண்டத்தில் முதன்முதலாக உருவான மூலக்கூறு இதுவே என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். 1925-இலேயே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்ட இது, சில வாயு மேகங்களில் இருக்கவேண்டும் என்று 1970-களில் கணித்துக் கூறப்பட்டது. பல ஆண்டுகள் தேடியும் அகப்படவில்லை. ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கி ஒன்று காற்றுமண்டலத்திற்கு வெளியே சென்று பார்த்தது. ஆனால் இதன் கோட்டையும், அதை ஒட்டியுள்ள வேறொரு மூலக்கூறின் கோட்டையும் பிரித்தறியும் நுட்பம் அதன் கருவிக்கு இல்லை. பின்னர் அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து, ஒரு போயிங் 747 விமானத்தின் பின்பகுதியில் திறப்பு ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 17 டன் எடையுள்ள தொலைநோக்கியைப் பொருத்தின. அதுவே சோஃபியா. 12 கிலோமீட்டருக்கும் மேலே பறந்தபோது, காற்றிலுள்ள நீராவியில் 99 சதவீதத்திற்கும் மேல் அதற்குக் கீழே தங்கிவிட்டது. 2016 மே மாதத்தில் அவ்விமானத்திலிருந்து என்.ஜி.சி. 7027 என்ற வாயு மேகத்தை நோக்கியபோது, 149 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. முடிவு 2019-இல் வெளியிடப்பட்டது. அந்த மேகம் ஓர் அங்குலமும் நம்மை நெருங்கி வந்துவிடவில்லை. மனிதன் திரையைத் தாண்டி ஏறினான், கருவியைக் கூர்மையாக்கினான். அவ்வளவே.

"பசித்தவர் பலர் இருக்க, இதற்கு இவ்வளவு பணமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செலவுக்கு ஏற்ற பலன் போதாது என்று கருதப்பட்டதால் சோஃபியாவின் பறப்பே 2022-இல் நிறுத்தப்பட்டது. செலவை எடைபோடுவது தவறன்று. ஆனால் "அறிந்து என்ன பயன்?" என்று அறிவையே ஒதுக்குவது தவறு. நாம் குடிக்கும் நீரும் விண்மேகங்களில் மூலக்கூறாக மிதக்கிறது என்று அறியும்போது, படைத்தவரின் கைவேலையை முன்னிலும் நெருங்கிக் காண்கிறோம் அல்லவா?

தோழியரே, நம் வாழ்விலும் தடைகள் தூரத்தில் இருப்பவை அல்ல. செசிலியா பெய்ன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கேம்பிரிட்ஜில் படித்தார். அப்பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே அவர் அமெரிக்கா சென்று ஆராய்ந்தார். விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று 1925-இல் அவர் கண்டபோது, அக்காலத்துப் பெரிய வானியலறிஞர் ஹென்றி நோரிஸ் ரசல் அதை ஏற்கவில்லை. பெய்னும் தம் முடிவு உண்மையாக இராது என்றே ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ரசலும் அதே முடிவுக்கு வந்தார். விண்மீனின் இரகசியம் அப்பெண்மணிக்கு எட்டிவிட்டது; பக்கத்திலிருந்தவர்களின் ஒப்புதல்தான் எட்டவில்லை.

"பெண்பிள்ளைக்கு இத்தனை கணக்கும் பௌதிகமும் எதற்கு?" என்ற பேச்சு இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு, "எனக்கு வராது" என்று நாமே சொல்லப் பழகிவிடுகிறோம். இவையே நம் தலைக்கு மேலுள்ள நீராவி. எட்டாத பழம் புளிக்கும் என்று விட்டுவிடுவது எளிது. ஆனால், பெற்ற தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனுக்கு ஆண்டவர் சொன்ன உவமையில் பாராட்டுக் கிடைக்கவில்லை.

"தெரியாது" என்று சொல்வதில் வெட்கமில்லை. எல்லா ஆராய்ச்சியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. "ஒருபோதும் முடியாது" என்று, எந்தப் பெரியவர் சொன்னாலும், அதை இறுதித் தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை. கோம்த் சொன்னதற்கே அந்தக் கதி நேர்ந்தது! ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளை வரும்போது, அது எவ்வளவு கடினம் என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்களைத் தடுப்பது உண்மையில் எது, அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது ஏறித் தாண்டக்கூடிய உயரத்தில்தான் இருக்கும்.