சிறையில் இடம் போதவில்லையாம்!

சிறைகளில் இடமில்லை, புதிய சிறைகள் கட்டப் போகிறோம் என்று சர்க்கார் அறிவிக்கும் போதெல்லாம், சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க வாசலில் வந்து நின்ற ஒரு தாயின் முகம் நம் கண்முன் வருகிறது. நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, விடியுமுன் இட்லி அவித்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். மகன் ஒரு சில்லறைத் திருட்டு வழக்கில் பிடிபட்டான். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் ஜாமீன் நிற்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், ரேஷன் கார்டும் சம்பளச் சீட்டும் காட்ட வேண்டும் என்றார்கள்.

"அண்ணாச்சி, ஜாமீன் குடுத்தாச்சுன்னு சொல்லுதாவ. பொறவு ஏன் எம்புள்ளைய விடமாட்டேங்காவ?" என்று கேட்டார் அந்தத் தாய்.

ஜாமீன் கிடைத்த பிறகும் நான்கு மாதம் அந்தப் பிள்ளை உள்ளே கிடந்தான்.

கணக்கைப் பார்ப்போம். 2002-ல் மத்திய சர்க்கார் 1,800 கோடி ரூபாயில் சிறைச் சீரமைப்புத் திட்டம் கொண்டு வந்தது. 2009-ல் அது முடிவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட புதிய சிறைகளும், பழைய சிறைகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட கொட்டடிகளும் எழும்பின. நெரிசல் தீர்ந்ததா? 2012 முடிவில் நாடு முழுவதும் சிறைகளில் 3,43,169 பேருக்கு இடம். இருந்தவர்கள் 3,85,135 பேர். 2022 முடிவில் இடம் 4,36,266, இருந்தவர்களோ 5,73,220. பத்தாண்டில் இடம் சுமார் 93,000 கூடியது. ஆட்கள் 1,88,000 பேர் கூடினார்கள். இது சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிட்ட கணக்கு.

உள்ளே இருந்தவர்கள் யார்? 2022-ல் நூற்றுக்கு 76 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள்.

நம்மில் பலர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள். பண்டிகைக் கூட்டத்துக்குப் பெட்டி கூட்டுவது நமக்குத் தெரியும். ஆனால் இறங்க வேண்டியவன் இறங்க முடியாமல் கதவைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆளை ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை பெட்டி கோர்த்தாலும் போதுமா?

புதிய கட்டடமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, மும்பை ஆர்தர் ரோடு சிறையில் சுமார் 800 பேருக்கான இடத்தில் 2,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கைதிகளுக்கு நோய் தொற்றியது. கைதியும் மனிதன்தான், காலை நீட்டிப் படுக்க அவனுக்கு இடம் வேண்டும். ஆனால் வெளியே போக வேண்டியவனை உள்ளே வைத்துக்கொண்டு இடம் போதவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜாமீன்தார் வேறு மாவட்டத்துக்காரர் என்று கீழ்க்கோர்ட் தள்ளியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழனோ மலையாளியோ தூர தேசத்தில் பிடிபட்டால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவான் என்று கேட்டார். பிழைக்க வந்த நமக்காகவே கேட்டது போன்ற கேள்வி! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தாயிடம் உள்ளூர் ஆள்தான் கேட்டார்கள்.

இன்றும் நமக்குச் சாதகமான விதிகள் உண்டு. ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த கோர்ட் யோசிக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஏழைக் கைதியின் பிணைக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்க அதே ஆண்டு மத்திய சர்க்கார் திட்டம் போட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவுப்படி, முதல்முறை பிடிபட்டவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு மனு எழுத வேண்டியது சிறை அதிகாரியின் கடமை. எழுதினாரா என்று கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? நாம்தான்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். அந்தத் தாய் வந்தபோது நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் உள்ளவர்கள் நம்மில் பலர் இருந்தோம். பையன் ஓடிவிட்டால் பணம் போகுமே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது: கட்டடத்துக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியையாவது விசாரணையை விரைவாக்க ஒதுக்குங்கள். உள்ளூர் ஜாமீன்தார் என்ற நிபந்தனையை விடுங்கள். சொந்தப் பிணையில் விடுவதை வழக்கமாக்குங்கள்.

நம் மக்களிடம் கேட்பது: வீட்டில் யாராவது பிடிபட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காவலில் உள்ள எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சங்கத்துக்கும் வாருங்கள். ஜாமீன் நிற்க முன்வருவோர் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாராகிறது. பணம் போனால் சங்க நிதியிலிருந்து பகிர்ந்துகொள்வோம்.

அடுத்த தாய் வாசலில் வந்து நிற்கும்போது நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.