நகராட்சியின் தோன்றா எழுவாய்

'பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படுகிறது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வாழ்கிறவர்களுக்கு இந்த வாய்பாடு மனப்பாடம். மூன்று வினைகள், மூன்றும் செயப்பாட்டு வினைகள். யார் மேற்கொள்கிறார், யார் நிறுத்துகிறார், யார் கேட்டுக்கொள்கிறார் என்பதற்கு விடை இல்லை. தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்றைக் கற்பிக்கிறோம். 'நாளை வருவேன்' என்றால் 'நான்' வெளிப்படாவிட்டாலும் கேட்பவருக்குப் புலப்பட்டுவிடுகிறது. நகராட்சித் தமிழின் எழுவாயோ எத்தனை முறை வாசித்தாலும் புலப்படாதது.

அமெரிக்காவின் சிற்றூர்கள் பலவற்றில் மேயர் ஊர்மக்களுக்கு அவ்வப்போது கடிதம் எழுதும் வழக்கம் உண்டு. இலக்கிய நயமெல்லாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள், உதிர்ந்த இலைகளை எப்போது அள்ளுவார்கள், வரி ஏன் கூடுகிறது, எந்தக் குழுவுக்கு ஆள் தேவை என்பவைதாம் செய்திகள். ஆனால் அதில் 'நான்' என்று ஒருவர் பேசுகிறார். 'உங்கள்' என்று ஊரை விளிக்கிறார். அடியில் பெயர் இருக்கிறது. பிழையாகச் சொன்னால் அடுத்த மாதம் அவரைப் பிடித்துக் கேட்கலாம். (நம்மூரில் மேயர் என்ற பெயர் மாநகராட்சிக்கு மட்டுமே உரியது, அங்கும் 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழியோடு வழங்கிவந்தது. வணக்கத்துக்குரியவர் கடிதம் எழுதுவாரா என்ன?)

நம்மிடையே அப்படியொரு கடித வகையே உருவாகவில்லை என்பதுதான் என் கவலை. எதிர்த்திசைக் கடிதம் மட்டும் செழித்து வளர்ந்திருக்கிறது. குடிநீர் வசதி வேண்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுவது பள்ளித் தமிழ்ப் பாடத்தின் நிலையான வினாக்களுள் ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அந்த விண்ணப்பத்துக்கு ஆணையரோ தலைவரோ எழுதும் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் நாங்கள் கற்பித்ததில்லை. ஒரு பக்கம் பணிவு, மறுபக்கம் ஆளற்ற ஆணை. இரண்டுக்கும் நடுவே சமமானவர்கள் பேசிக்கொள்ளும் மொழிக்கு இடமில்லாமல் போயிற்று.

இது ஆங்கில அலுவலக நடையின் எச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் வந்துவிட்டது. சொற்களைத் தமிழாக்கினோம், பேசுகிறவர் யார் என்பதை அப்படியே விட்டுவிட்டோம்.

இத்தனைக்கும் ஊராட்சி மொழியில் தன்மைப் பன்மை நமக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைக்காகப் புகழப்படுகின்றன. மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நான் வியப்பது வேறொன்றை. அங்கே பேசுவது 'சபையோம்'. அந்த 'ஓம்' விகுதியில் முடிவெடுத்தவர்கள் தங்களை வெளிப்படுத்திக்கொள்கிறார்கள். முப்பது குடும்புகள், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது என்று யார் தேர்வாகலாம் என்பதை வரையறுத்து, யார் ஆகக்கூடாது என்பதையும் சொல்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். உறவினரும் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 'ஓம்' நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்களை மட்டுமே உள்ளடக்கியது, அரசாணையும் அதிகாரியும் உடனிருந்தார்கள் என்பவற்றை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குறுகிய வட்டம்தான். ஆனாலும் தாம் செய்ததைத் 'தாம்' செய்ததாகக் கல்லில் வெட்டினார்கள்.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு. கேட்பவரை உள்ளே சேர்ப்பது ஒன்று, வெளியே நிறுத்துவது மற்றது. நகராட்சிகள் 'நாம்' என்பதை அறவே பயன்படுத்துவதில்லை என்று சொல்ல முடியாது. குப்பையைத் தரம் பிரிப்பதற்கும் வரியை உரிய காலத்தில் கட்டுவதற்கும் சுவரெல்லாம் 'நம்ம ஊரு'தான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெரு மாதக்கணக்கில் மூடப்படாதபோது 'நாம்' மறைந்து 'பணிகள் நடைபெற்று வருகின்றன' வந்துவிடுகிறது. பொறுப்பில் நம்மைச் சேர்த்துக்கொண்டு கணக்கில் நம்மை விலக்கும் 'நாம்' இது. குடியுரிமையைப் பற்றி நகராட்சிகள் நடத்தும் விழிப்புணர்வு ஊர்வலங்களைக் காட்டிலும் இந்தச் சிறு பெயர்ச்சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துவது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

தலைவர் என்ன செய்வார், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. கூட்டுக் குடிநீர்த் திட்டமாயின் குடிநீர் வடிகால் வாரியம். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. கம்பமும் கம்பியும் மின்வாரியத்தினுடையவை. நிதியில் பெரும்பகுதி மேலிருந்து வர வேண்டும். ஆனால் இதுவே கடிதம் எழுதுவதற்கான முதற்காரணம் அல்லவா? 'இது என் கையில் உள்ளது, இது இல்லை, இல்லாததை இன்னாரிடம் இந்தத் தேதியில் கேட்டிருக்கிறேன்' என்று ஒரு தலைவர் எழுதினால், ஊர் எவரிடம் போய் நிற்பது என்பதாவது தெளிவாகும். இப்போது எல்லாக் கோபமும் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் தலையில் விடிகிறது.

2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நம் நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2022 பிப்ரவரியில் 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்கும் மாநகராட்சிகளோடு தேர்தல் நடந்தது. அந்த ஐந்தரை ஆண்டுகளின் அறிவிப்புகளையும் அதற்குப் பிந்தியவற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடையில் எந்த வேறுபாடும் எனக்குத் தென்படவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் வந்து அமர்ந்ததை மொழி அறியவே இல்லை.

அதே ஆண்டில் வார்டுக் குழு, பகுதி சபைக்கான விதிகளும் வந்தன. நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. மூன்று லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களில் வார்டுக் குழுக்களை அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் கட்டாயமாக்கவில்லை என்பதை நினைத்தால், சிறு நகரங்களுக்கு இது முக்கியமான கதவு. ஆனால் முன்கூட்டியே எதுவும் அறியாமல் சபைக்கு வருகிறவர் கையில் மனு மட்டுமே இருக்கும். சென்ற கூட்டத்தில் கேட்டது என்னவாயிற்று என்ற எழுத்து அவரிடம் இருந்தால் மனு கேள்வியாக மாறும்.

இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சி இடங்களில் பாதி இன்று பெண்களுக்குரியவை. பல ஊர்களில் தலைவர் கையொப்பமிடுகிறார், கணவர் பேசுகிறார். தம் பெயரில், தம் சொற்களில் மாதம் ஒருமுறை ஊருக்கு எழுதும் பெண்ணின் குரலை அவ்வளவு எளிதில் வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு தாள் போதும். நீர்த்தேக்கத் தொட்டி அருகிலும் பேருந்து நிலையத்திலும் நூலகத்திலும் ஒட்டலாம். எழுத்துப் பழக்கம் இல்லையே என்று தயங்கும் தலைவர்கள் இருப்பின், அநேகமாகப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியும் அதில் ஒரு தமிழ்த்துறையும் இருக்கும். வரைவை அனுப்பினால் பார்த்துத் தருவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. 'யாதெனில்' வந்தால் மட்டும் அடித்துவிடுவோம்.