மேட்டுக்கும் கூட்டிப் போங்களேன்!

ஆடித் திருவாதிரைக்கு மாமியார், பிள்ளைகளோடு கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தேன். எங்க ஊரிலிருந்து அணைக்கரை வழியாகத்தான் போகணும். அந்தக் கோவில் மதில் கல்லைப் பெயர்த்து 1836-ல் கட்டின அணையாம் அது! கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது.

மாளிகைமேட்டில் ராஜேந்திர சோழன் அரண்மனையின் செங்கல் சுவர்தான் மிச்சம். "அரண்மனை எங்கேம்மா?" என்றான் சின்னவன். நான் விழிக்க, மாமியார்தான், "ராஜா தனக்குச் செங்கல்லு வச்சுக்கிட்டு, சாமிக்குக் கருங்கல்லு குடுத்தாருடா" என்றார். எட்டாவது படிக்கும் பெரியவள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்று அடம்!

சாயங்காலம் கோவிலில் பரதநாட்டியம், உட்கார இடமில்லை. மேட்டிலோ எங்களைத் தவிர நாலைந்து பேர். நாட்டியத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்களே, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, மேட்டையும் காட்டக் கூடாதா? குடை மட்டும் மறக்காதீங்க, வெயில் மண்டையைப் பிளக்குது.

- ஓர் இல்லத்தரசி, திருவிடைமருதூர்.