ஏ.கே. செட்டியாரின் கேமராவும் என் செல்போனும்

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் புதுக்கோட்டை திரும்பிய மறுநாளே பக்கத்து வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்துவிட்டார். "படமெல்லாம் காட்டுங்க தம்பி." செல்போனில் 2,300 படங்கள் இருந்தன. நயாகரா முன்னால் நான். சுதந்திரதேவி சிலை முன்னால் நானும் மனைவியும். பனிக் குவியல் பக்கத்தில் குல்லாவோடு மறுபடியும் நான்.

பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தவர் கேட்டார்: "அங்கெல்லாம் காலையிலே பால் யாரு கொண்டாருவா? அக்கம்பக்கத்திலே பேசிக்குவாகளா? இம்புட்டுப் பனி கொட்டுதே, கொத்தனாரு சித்தாளெல்லாம் எப்படி வேலைக்குப் போவாக?"

ஒன்றுக்கும் என்னிடம் படம் இல்லை. பதிலும் இல்லை.

அன்று ராத்திரி அலமாரியில் கிடந்த 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகத்தை எடுத்தேன். எழுதியவர் ஏ.கே. செட்டியார், காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர்க்காரர். நம்மைப் போலவே செம்மண்ணும் ஊருணியும் பார்த்து வளர்ந்தவர். 1930களில் ஜப்பானுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது வயது 25. ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியை மட்டும் வைத்துக்கொண்டு 1940இல் படத்தை வெளியிட்டார். கழித்த கணக்கைப் பாருங்கள்! நான் ஒரு படத்தைக்கூட அழித்தது கிடையாது.

தொழில் படம் பிடிப்பது. ஆனால் அவர் எழுத்தில் அவர் முகம் அதிகம் தெரியாது. கட்டடங்களைவிட ரயிலில் கூட வந்தவர், விடுதிப் பணியாள், வழி சொன்னவர் என்று மனிதர்கள்தான் வந்துகொண்டே இருப்பார்கள். தென் ஆப்பிரிக்கா, பிஜி என்று போன இடமெல்லாம் தோட்ட வேலைக்குப் போன நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். 1943 முதல் அவர் நடத்திய 'குமரி மலர்' பத்திரிகையிலும் இதே அடக்கம்தான்.

ஃபிலிம் விலை அதிகம், அதனால் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். என்னிடம் இருந்த ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். கீழராஜ வீதி ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடிவு போலக் காத்திருப்போம். ஆனால் செலவு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வற்றிய கண்மாயைப் பார்த்த கண்ணுக்கு அங்கே எல்லாமே பச்சையும் தண்ணீருமாக இருக்கிறது. மலைத்துப் போகிறோம். மலைத்ததும் அதன் முன்னால் போய் நின்று, அதையே மறைத்துக்கொண்டு சிரிக்கிறோம். போய் வந்ததற்குச் சாட்சி வேண்டாமா என்பீர்கள். சரி, நாலு படம் போதாதா? மிச்சத்தை அந்த ஊர்க்காரர்கள் அந்தக் குளிரோடும் மழையோடும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கச் செலவிடலாமே. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் என் வயதுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. சட்டம் போட்டு மாட்டப் படம் தேடியபோது அந்த 2,300லும் தேடினேன். எல்லாவற்றிலும் மருமகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். "நேரா நில்லு, சிரி" என்று நான் அதட்டியதுதான் ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. ஒன்றே ஒன்று பேரன் விளையாட்டாக எடுத்தது. பால்கனியில் பழைய சேலையை விரித்து வடகம் காயப்போட்டிருக்கிறாள். சேலைக்கு மேலே ஸ்வெட்டர். கையில் குச்சியோடு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் அணிலை விரட்டப் பாதி திரும்பியிருக்கிறாள்.

அதைத்தான் மாட்டியிருக்கிறேன். போன வாரம் ஆச்சி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "அந்த ஊரு அணிலும் வடகம் திங்குமா தம்பி?"

திங்கும் ஆச்சி என்றேன். முதுகில் மூணு கோடு மட்டும் கிடையாது.