டேலி ஆன தப்புக் கணக்கு

'ஒரே ஸ்ட்ரெஸ் சார்!', 'அவர் டிப்ரஷன்ல இருக்கார்.' இந்த இரண்டையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நம் பேப்பரும் டி.வி.யும் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடும்: மன அழுத்தம்.

உளவியல் படிக்கும் முதல் வருட மாணவன் இப்படி எழுதினால் மார்க் போய்விடும். நாம் எழுதினால் என்னென்னவோ போகிறது.

ஸ்ட்ரெஸ் என்பது நெருக்கடிக்கு உடம்பும் மனசும் காட்டும் எதிர்வினை. மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டும், பெண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை, வீட்டுக் கடன் தவணை... நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளைக் குளிரில் வைத்தார், களைக்கக் களைக்க ஓடவிட்டார். எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று 1936-ல் எழுதினார். தொல்லை விலகினால் பெரும்பாலும் படபடப்பும் விலகிவிடும். இதற்கு மன அழுத்தம் என்ற பெயர் பொருத்தம்தான்.

டிப்ரஷன் வேறு ஜாதி. அதற்கு மனச்சோர்வு என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடக்க வேண்டும், அல்லது எதிலுமே பிடிப்பில்லாமல் போக வேண்டும். கூடவே பசி, தூக்கம், கவனம் கெடுவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. பாடப்புத்தகம் சொல்லும் அடையாளங்கள் இவை. கடன் அடைந்திருக்கும், பெண்ணும் பாஸாகியிருப்பாள். ஆனாலும் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுவதுபோல் இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. நோய். மருந்தாலும் பேச்சு சிகிச்சையாலும் குணப்படுத்தக்கூடிய நோய்.

'பெயர்ல என்ன சார் இருக்கு?' என்கிறீர்களா? பெயரை வைத்துத்தானே நாம் வைத்தியமே சொல்கிறோம்! மன அழுத்தம் என்று கேட்டதும் நம் வாயில் என்ன வருகிறது? 'நாலு நாள் கொடைக்கானல் போய்ட்டு வா', 'யோகா பண்ணு', 'யாருக்குத்தான் இல்ல?' ஸ்ட்ரெஸ்ஸுக்கு இது சரி. மனச்சோர்வில் இருப்பவர் கொடைக்கானலில் போய் உட்கார்ந்து, 'இங்கே வந்தும் சரியாகவில்லையே, தப்பு என் மேல்தான்' என்று நொந்துகொள்வார். அந்தக் குற்ற உணர்ச்சியே நோயின் அறிகுறி. அதற்குத் தீனி போடுவது நாம்.

நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வில் விழுந்திருக்கிறார். சிகிச்சை பக்கமே போகாதவர்கள்தான் அதிகம். நோயின் பெயரே காதில் விழாதவர் டாக்டரை எப்படித் தேடுவார்?

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். பற்று வைக்க வேண்டிய தொகையைத் தப்பான கணக்கில் பற்று வைத்தாலும் டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகிவிடும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். 'மன அழுத்தத்தால் தற்கொலை' என்ற தலைப்பு அப்படித்தான். படிக்கிறவர் 'பாவம், வேலைப்பளு' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார், கணக்கு டேலி! உள்ளே ஒரு நோய் இருந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் இருந்திருக்கலாம் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு சாவுக்கு ஒரே காரணம் எழுதாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது. யார் கேட்கிறோம்?

'மனச்சோர்வு நோய்னு எழுதினா மெண்டல்னு சொல்லிடுவாங்களே' என்பார்கள். மரியாதைக்காகப் பூசி மெழுகுவதாக நினைப்பு. சர்க்கரை வியாதிக்காரரை 'கொஞ்சம் இனிப்புப் பிரியர்' என்றா எழுதுகிறோம்? பெயரை மறைக்க மறைக்கத்தான் அசிங்கம் கூடும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் 'மன அழுத்தம்' என்றால், உடனே அறிவுரையை அவிழ்க்காதீர்கள். 'எத்தனை நாளா? பிடிச்ச விஷயம் இப்பவும் பிடிக்குதா?' என்று கேளுங்கள். பதில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவு நினைப்பு என்று தெரிந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கொடைக்கானலுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.