செத்துப்போன டாஸும் சாகாத சிலபஸும்

"செத்துப்போன டாஸை எதுக்குடா திரும்ப எழுதுறானுங்க? வேற வேலை இல்லையா?" ஃப்ரீடாஸ் பற்றிச் சொன்னப்போ வகுப்பில் ஒருத்தன் கேட்டது. கேட்டவன் அன்னைக்குத்தான் டர்போ சி++ல ரெக்கார்டு முடிச்சிருந்தான்!

மக்களே, எம்.எஸ்.டாஸ் இனி தனியா வராதுன்னு தெரிஞ்சதும் 1994ல் ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர் தொடங்கியதுதான் ஃப்ரீடாஸ். 1.0 வர 2006 ஆச்சு. பழைய கேம்ஸ் இன்னைக்கும் அதில் ஓடுது. மூலநிரல் திறந்தே கிடக்கு; ஒரு ஓ.எஸ். உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு நாமும் படிக்கலாம். ஆசைப்பட்டுச் செஞ்ச வேலை அது.

நம்ம லேப்ல? 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ 3.0ஐ டாஸ்பாக்ஸுக்குள்ள அடைச்சு ஓட்டுறோம். சி++க்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததே 1998ல்தான். நாம மனப்பாடம் பண்ற 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்' இன்றைய ஜிசிசியில் கம்பைலே ஆகாது. இன்டர்வியூவில் முழிக்கப்போறது யாரு?

பண்பொழி திருமலைக் கோயிலுக்கு ரோடு வந்த பிறகும் படியேறிப் போறவங்க உண்டு. அது பக்தி. ரோட்டை அடைச்சுட்டு எல்லாரும் படியில்தான் ஏறணும்னா அது அடாவடி. படியைச் செப்பனிடுறவனைத் திட்டாதீங்க. ரோட்டை அடைச்சவனைக் கேளுங்க.